டிக்கி ஆர்கனைசரும் மூன்று எச்எஸ் கோடும்

இறக்குமதிக் கன்டெய்னர்களைப் பிரிக்கும் சிஎஃப்எஸ் கொட்டகையில் சுங்க ஆய்வு அதிகாரி ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்து, உள்ளே மடிந்து கிடந்த டிக்கி ஆர்கனைசரை, அதாவது கார் டிக்கியில் சாமான் அடுக்கும் துணிப் பெட்டியை, எடுத்தார். விரித்தார். அடியில் கெட்டி அட்டையைப் பதித்தார். மேசையில் இருந்த இரண்டு தண்ணீர் பாட்டில்களையும் என் ஃபைலையும் உள்ளே வைத்து, இரண்டு பக்கக் கைப்பிடியையும் பிடித்துத் தூக்கி நான்கு அடி நடந்தார்.

"இதைத் தூக்கிட்டுப் போகலாம்தானே?"

"போகலாம் சார்."

அவர் தலையாட்டிவிட்டு எழுத ஆரம்பித்தார். சரக்கு எந்த வரி வகை என்று காட்டும் எச்எஸ் கோடாக நான் போட்டிருந்த 6307 நிற்காது என்பது அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆறு மாதமாக நான் செய்யாத ஒரு வேலையை அவர் அரை நிமிடத்தில் செய்தார். பொருளைக் கையில் எடுத்து, அது என்ன செய்கிறது என்று பார்த்தார். அவ்வளவுதான்.

சென்னையில் கார் உதிரி அலங்காரப் பொருள்களை மொத்தமாக இறக்கிக் கடைகளுக்குக் கொடுப்பது என் தொழில். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைக்காரர்கள்தான் முக்கிய வாடிக்கையாளர்கள். 2022-இல் முதல்முறையாகத் துணியில் செய்த சாமான்களைச் சீனாவிலிருந்து வரவழைத்தேன். டிக்கிக்குள் வைக்கும் மடக்குப் பெட்டி ஒன்று. முன் சீட்டின் முதுகில் தொங்கவிடும் பைவரிசை ஒன்று. குளிர் காக்கும் சாப்பாட்டுப் பை ஒன்று. மூன்றும் பாலியஸ்டர் துணி, மூன்றும் காருக்கு. இன்வாய்ஸில் மூன்றையும் சேர்த்து "கார் ஆக்சஸரீஸ்" என்று ஒரே வரியில் எழுதி, கார் பாகங்களுக்கான 8708 என்று கோடும் போட்டு அனுப்பியிருந்தார் சப்ளையர். எங்கள் கஸ்டம்ஸ் புரோக்கர் அதை அப்படியே பில் ஆஃப் என்ட்ரியில், அதாவது சுங்கத்துக்குக் கொடுக்கும் இறக்குமதி அறிவிப்பில், ஏற்றினார். நானும் கேட்கவில்லை. சரக்கு இரண்டே நாளில் வெளியே வந்தது. எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது என்று நினைத்தேன்.

வலி கடையில் தெரிந்தது. 8708-க்கு அப்போது இறக்குமதியில் கட்டும் ஜிஎஸ்டியான ஐஜிஎஸ்டி 28 சதவீதம். நான் விற்கும்போதும் 28 சதவீதம்தான் போட வேண்டும். பக்கத்துக் கடையில் இதே மாதிரிப் பெட்டி 18 சதவீத பில்லில் போய்க்கொண்டிருந்தது. 100 ரூபாய் மதிப்புள்ள சரக்குக்கு அடிப்படைச் சுங்க வரி 15 ரூபாய், அதன் மேல் சமூக நல மேல்வரி ஒன்றரை ரூபாய், ஆக 116.50. இதற்கு 28 சதவீதம் என்றால் 32.62, 18 சதவீதம் என்றால் 20.97. ஜிஎஸ்டி பதிவு இருப்பவர் ஐஜிஎஸ்டியை உள்ளீட்டு வரவாக எடுத்து, தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம், அதனால் அது செலவே இல்லை என்று பலர் சொல்வார்கள். பாதி உண்மை. பணம் மாதக்கணக்கில் முடங்குகிறது. தவிர, கடைசியில் வாங்குகிற குடும்பத்துக்காரருக்கு எந்த வரவும் கிடையாது. அவர் கையில் இருந்துதான் அந்தப் பத்து சதவீதம் போகிறது.

கட்டிய கூடுதல் வரியைத் திரும்பக் கேட்கலாமா என்று விசாரித்தேன். அங்கே ஒரு பாடம். இந்தியாவில் 2011 முதல் சுய மதிப்பீடு. அதாவது இறக்குமதியாளரே கோடும் வரியும் போட்டு ஒப்புக்கொள்கிறார். அந்தச் சுய மதிப்பீடும் ஓர் உத்தரவுதான்; மேல்முறையீட்டிலோ வேறு வழியிலோ அதை மாற்றாமல் நேராக ரீஃபண்ட் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் ஐடிசி வழக்கில் 2019 செப்டம்பரில் சொல்லிவிட்டது. மேல்முறையீட்டுக்கு 60 நாள். எனக்கு அது கடந்துபோயிருந்தது. சுங்கச் சட்டத்தின் 149-ஆம் பிரிவில் பில் ஆஃப் என்ட்ரியைத் திருத்தக் கேட்கலாம், ஆனால் சரக்கு வெளியேறிய நேரத்தில் கையில் இருந்த ஆவணங்களை வைத்துத்தான். என்னிடம் இருந்த ஆவணம் என்ன? "கார் ஆக்சஸரீஸ்" என்ற இரண்டு சொல். அதை வைத்து எதை நிரூபிப்பது? விட்டுவிட்டேன்.

அடுத்த சரக்குக்கு வேறு ஒருவர் யோசனை சொன்னார். "துணிதானே தம்பி, 6307 போடு. ஆயிரம் ரூபாய்க்குள்ள இருந்தா அஞ்சு பர்சென்ட்தான்." 6307 என்பது வேறெங்கும் சொல்லப்படாத, தைத்து முடித்த துணிப் பொருள்களுக்கான தலைப்பு. ஆயிரம் ரூபாய்க்குள் என்றால் 5 சதவீதம் என்பதும் அன்றைய நிலையில் உண்மைதான். 28-லிருந்து 5 என்றதும் எனக்கு மறுபேச்சு வரவில்லை. 2023-இல் வந்த கன்டெய்னரில் மூன்று பொருளையும் 6307 90 90 என்று போட்டோம்.

இப்போது மதிப்பீடு செய்கிற அதிகாரி நம் துறைமுகத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. முகமற்ற மதிப்பீட்டு முறை 2020 ஜூன் 8 அன்று முதலில் சென்னையிலும் பெங்களூரிலும்தான் தொடங்கியது. நம் பில் ஆஃப் என்ட்ரி எந்த ஊர் அதிகாரியின் திரையில் விழும் என்று தெரியாது. அவர் நம் பொருளைப் பார்க்கப் போவதில்லை. இன்வாய்ஸில் இருக்கும் வரியையும் சுங்கத்துறையின் ஆன்லைன் ஆவணத் தளமான இ-சஞ்சித்தில் நாம் ஏற்றிய தாள்களையும்தான் பார்ப்பார். எனக்கு வந்த கேள்வி இரண்டு வரி. இது ஏன் 4202 இல்லை? முதலில் சரக்கைப் பரிசோதித்து அறிக்கை தரவும்.

4202. அதுவரை அந்த எண்ணை நான் சூட்கேஸ், ஹேண்ட்பேக் கடைக்காரர்களின் எண்ணாகத்தான் நினைத்திருந்தேன். அன்று இரவு அந்தத் தலைப்பை முதல்முறையாக முழுவதும் படித்தேன். இந்தத் தொழிலில் இருக்கும் எல்லாரும் ஒருமுறையாவது அதை நிதானமாகப் படிக்க வேண்டும். ஒரே வாக்கியம்தான். நடுவில் ஓர் அரைப்புள்ளி. அரைப்புள்ளிக்கு முன்னால் டிரங்க், சூட்கேஸ், பிரீஃப்கேஸ், பள்ளிப் பை, கண்ணாடிக் கூடு, கேமரா கூடு, இசைக்கருவிக் கூடு, துப்பாக்கி உறை, "இவை போன்ற கலன்கள்". இவை எந்தப் பொருளில் செய்யப்பட்டாலும் சரி. அரைப்புள்ளிக்குப் பின்னால் பயணப் பை, குளிர் காக்கும் சாப்பாட்டுப் பை, முதுகுப் பை, கைப்பை, ஷாப்பிங் பை, டூல் பை, விளையாட்டுப் பை, பாட்டில் கூடு, நகைப்பெட்டி, மறுபடியும் "இவை போன்ற கலன்கள்". ஆனால் இந்த இரண்டாம் பாதி தோல், பிளாஸ்டிக் தாள், துணி, வல்கனைஸ்டு ஃபைபர், அட்டை ஆகியவற்றில் செய்தவற்றுக்கு அல்லது அவற்றால் போர்த்தியவற்றுக்கு மட்டும்.

அந்த ஓர் அரைப்புள்ளியில் எத்தனையோ பேரின் பணம் தொங்குகிறது. நான் கொண்டுவந்த அதே டிக்கி பெட்டியை அச்சில் வார்த்த கெட்டி பிளாஸ்டிக்கில் செய்தால், இரண்டாம் பாதிக்குள் வராது, ஏனென்றால் அங்கே சொல்லியிருப்பது பிளாஸ்டிக் தாள் மட்டும்தான். அது பிளாஸ்டிக் பொருள்களுக்கான 39-ஆம் அத்தியாயத்துக்குப் போய்விடும். துணியில் தைத்தால் உள்ளே வருகிறது. வேலை ஒன்று, வடிவம் ஒன்று, மூலப்பொருளால் தலைப்பு மாறுகிறது.

அப்புறம் பட்டியலிலேயே குளிர் காக்கும் சாப்பாட்டுப் பை என்று பெயர் சொல்லி இருக்கிறது. என் மூன்றாவது பொருள் அதுதான். பெயர் சொல்லியே இருக்கும் ஒன்றை நான் 6307-இல் போட்டிருக்கிறேன்! அதற்கு வாதமே கிடையாது. கோடு அட்டவணையில் துணிகளுக்கான 11-ஆம் பிரிவின் முதல் குறிப்பே, 4202-இல் வரும் துணிப் பொருள்கள் இந்தப் பிரிவில் வராது என்று வெளியே தள்ளிவிடுகிறது. ஆகவே கேள்வியை 6307-இலிருந்து ஆரம்பிக்கவே கூடாது. முதலில் இது 4202-ஆ என்று பார்க்க வேண்டும். இல்லை என்று முடிவான பிறகுதான் 6307 பக்கம் திரும்பலாம். நான் தலைகீழாக, வரி குறைவான இடத்திலிருந்து ஆரம்பித்தேன்.

டிக்கி பெட்டியின் பெயர் பட்டியலில் இல்லை. அப்படியானால் அது "இவை போன்ற கலன்"தானா? இதற்கு நேரான ஒரு வழக்கு அமெரிக்காவில் நடந்திருக்கிறது. டோட்ஸ் என்ற நிறுவனம் கார் டிக்கிக்கான ஆர்கனைசரை இறக்குமதி செய்து, அது 6307, வரி 7 சதவீதம் என்றது. அந்நாட்டுச் சுங்கத்துறை 4202, வரி 20 சதவீதம் என்றது. மேல்முறையீட்டில் 1995-இல் முடிவு நிறுவனத்துக்கு எதிராக வந்தது. பட்டியலில் உள்ள அத்தனை பொருள்களுக்கும் பொதுவாக நான்கு குணம் இருக்கிறது என்று நீதிமன்றம் பார்த்தது: சாமானை ஒழுங்காக அடுக்குவது, சேமிப்பது, பாதுகாப்பது, எடுத்துச் செல்வது. டிக்கி ஆர்கனைசரும் அதைத்தான் செய்கிறது, ஆகவே 4202. அமெரிக்கத் தீர்ப்பு நம் ஊரில் யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனால் 4202 என்ற நான்கு இலக்கமும் அதன் வாசகமும் உலகச் சுங்க அமைப்பின் ஹார்மனைஸ்டு சிஸ்டத்தில் இருந்து வருபவை. அங்கேயும் இங்கேயும் ஒரே சொற்கள்தான். அதனால் அந்த நான்கு குணத்தை நான் இன்றும் அளவுகோலாக வைத்திருக்கிறேன்.

கொட்டகையில் அந்த அதிகாரி செய்ததும் இதே சோதனைதான். அடுக்கினார், தூக்கினார், நடந்தார்.

சீட்டின் முதுகில் தொங்கும் பைவரிசை மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அது பெட்டி இல்லை. ஒரு தட்டையான துணி, அதன் மேல் ஏழெட்டுப் பைகள் தைத்திருக்கும், மேலே இரண்டு பட்டை, கீழே இரண்டு பட்டை. சீட்டில் கட்டினால் கழற்றுவதே இல்லை. கைப்பிடி கிடையாது, மூடி கிடையாது. சாமான்களோடு அதைக் கழற்றிக் கையில் எடுத்தால் எல்லாம் கொட்டிவிடும். அடுக்குவது உண்டு, எடுத்துச் செல்வது அறவே இல்லை. பரிசோதனையின்போது இதையும் பிரித்துக் காட்டச் சொல்லி அதிகாரியிடம் கேட்டுக்கொண்டேன். தன் காரில் ஒன்று இருக்கிறது, வாங்கிய நாளிலிருந்து கழற்றவில்லை என்றார். அவர் அறிக்கையில், கைப்பிடி இல்லை, மூடி இல்லை, சீட்டின் முதுகில் நான்கு பட்டைகளால் கட்டும் அமைப்பு என்று எழுதினார். தூரத்து ஊரில் இருக்கும் மதிப்பீட்டு அதிகாரிக்குப் போய்ச் சேர்வது இந்த நாலு வரிதான். பரிசோதனையின்போது புரோக்கரின் பையனை மட்டும் அனுப்பிவிட்டு நாம் கடையில் உட்கார்ந்திருக்கக் கூடாது. நேரில் போங்கள். வாக்குவாதம் செய்வதற்காக இல்லை; பொருளில் இருப்பது முழுவதும் தாளில் ஏறுகிறதா என்று பார்ப்பதற்காக.

அதைப் படித்துவிட்டு மதிப்பீட்டு அதிகாரி இன்னொரு நியாயமான கேள்வி கேட்டார். இது 6304-இல் வராதா? அந்தத் தலைப்பு துணியில் செய்த உள்ளலங்காரப் பொருள்களுக்கானது. அதன் விளக்கக் குறிப்பு மோட்டார் காரில் பயன்படும் பொருள்களையும் சேர்த்துச் சொல்கிறது. நாங்கள் கொடுத்த பதில் சுருக்கமானது: இது சீட்டை மூடவும் இல்லை, அழகுபடுத்தவும் இல்லை. பைகளில் பொருள் வைப்பதற்காகவே தைக்கப்பட்டது. படமும் அளவும் இணைத்தோம். கடைசியில் டிக்கி பெட்டியும் சாப்பாட்டுப் பையும் 4202 92-க்குப் போயின, சீட் பைவரிசை 6307-இல் நின்றது. என் சரக்கில் அப்படி முடிந்தது. உங்கள் பைவரிசையில் ஜிப் வைத்து, கழற்றித் தோளில் மாட்டும் பட்டையும் இருந்தால் பதில் மாறிவிடும்.

இதற்கெல்லாம் பதினோரு நாள் ஆனது. சிஎஃப்எஸ் வாடகை, கப்பல் கம்பெனியின் கன்டெய்னர் தாமதக் கட்டணம், மறுபடி பெட்டி கட்டும் கூலி எல்லாம் சேர்ந்து 6307-இல் மிச்சமாகும் என்று நான் கணக்குப் போட்டதை விழுங்கிவிட்டன. தாமதமாகும் என்று தெரிந்தவுடனே சுங்கச் சட்டத்தின் 49-ஆம் பிரிவில் சரக்கைக் கிடங்குக்கு மாற்ற அனுமதி கேட்டிருக்கலாம். அல்லது 18-ஆம் பிரிவில் தற்காலிக மதிப்பீடு கேட்டு, பத்திரமும் பிணையும் கொடுத்துச் சரக்கை வெளியே எடுத்துவிட்டு மீதி வாதத்தை அப்புறம் பேசியிருக்கலாம். இந்த இரண்டு வழியும் எனக்கு அப்போது தெரியாது. புரோக்கரும் சொல்லவில்லை. அதிகாரி கோடை மாற்றி, நமக்கு அதில் உடன்பாடு இல்லையென்றால், 17(5)-இன்படி காரணங்களோடு எழுத்துப்பூர்வமான உத்தரவு கேட்கும் உரிமை நமக்கு உண்டு; மறுமதிப்பீடு செய்த 15 நாளுக்குள் அவர் அதைத் தர வேண்டும். "ஒத்துக்கிறேன்னு ஒரு லெட்டர் குடுத்துடுங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று யாராவது சொன்னால், அந்தக் கடிதம் கொடுத்த பிறகு அந்த உத்தரவு கிடைக்காது என்பதைத் தெரிந்துகொண்டு கொடுங்கள். நான் டிக்கி பெட்டிக்கு ஒப்புதல் கொடுத்தேன், ஏனென்றால் அவர்கள் சொன்னது சரி. சீட் பைவரிசைக்குக் கொடுக்க மாட்டேன் என்று இருந்தேன்.

நல்லவேளையாக அபராதம் வரவில்லை. அதற்கு ஒரே காரணம், இரண்டாவது முறை இன்வாய்ஸில் பொருளின் வர்ணனையைத் திரிக்காமல் உள்ளது உள்ளபடி எழுதியிருந்தோம். பொருளை உண்மையாக வர்ணித்துவிட்டு வேறு தலைப்பு கோருவது மட்டுமே தவறான அறிவிப்பு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் நார்தர்ன் பிளாஸ்டிக் வழக்கில் 1998-இலேயே சொல்லியிருக்கிறது. வரி குறைய வேண்டும் என்று "துணி மடிப்புத் தாள்" என்பது போல எதையாவது எழுதச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும்.

இனி 8708 விஷயம். காருக்கு விற்கிறோம், ஆகவே கார் பாகம் என்று நினைப்பதுதான் இங்கே எல்லாரும் செய்கிற முதல் பிழை. 2020 மே மாதம் யூனி புராடக்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை நன்றாகப் பிரித்துக் காட்டியது. காருக்கென்றே செய்த துணி மேட்டிங், 8708 99 00-ஆ, தரைவிரிப்புக்கான 5703-ஆ என்பது கேள்வி. எக்சைஸ் வழக்குதான், ஆனாலும் தலைப்புகள் ஒன்றே. காரில் மட்டும்தான் பயன்படுகிறது என்பது போதாது. வேறு தலைப்பில் இன்னும் குறிப்பாகச் சொல்லப்பட்டிருந்தால் அதுதான் முன்னால் நிற்கும் என்று 5703-ஐ ஏற்றது. என் டிக்கி பெட்டி அந்த முதல் படியைக்கூடத் தாண்டாது. என் மனைவி அதே பெட்டியை வீட்டில் மளிகைச் சாமான் எடுத்துவரத்தான் வைத்திருக்கிறார்.

2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீத அடுக்கு இந்தப் பொருள்களுக்குப் போய்விட்டது. 8708-ம் 18, 4202-ம் 18. 6307-இல் மட்டும் 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18. ஆக இப்போது எல்லாருடைய ஆசையும் 6307 மேல்தான் இருக்கிறது. விலை வரம்பு ஏறியதால் அந்த ஆசை முன்னைவிட அதிகம். "எல்லாரும் அதுலதான் போடறாங்க" என்று சொல்லித் தொடங்குகிறவர்களிடம் நான் கேட்பது, உங்கள் பெட்டிக்குக் கைப்பிடி இருக்கிறதா என்றுதான்.

இப்போது ஆர்டர் கொடுக்கும் முன்பே சாம்பிள் வரவழைத்துவிடுகிறேன். வந்தவுடன் ஒன்றைக் கத்தரித்துப் பார்ப்பேன். வெளித்துணி என்ன, உள்ளே அட்டையா பிளாஸ்டிக் பலகையா, மேலே பூச்சு இருக்கிறதா, மூடி எப்படி மூடுகிறது. சப்ளையரிடம் பொருளுக்கு ஒரு வரி என்று தனித்தனியாக எழுதச் சொல்கிறேன். "மடக்கு டிக்கி பெட்டி, 600டி பாலியஸ்டர் நெய்த துணி, அட்டை உள்பலகை, இரண்டு கைப்பிடி, வெல்க்ரோ மூடி, 55 x 35 x 30 சென்டிமீட்டர்" என்று இருக்க வேண்டும். ஆரம்பத்தில் அவர்களுக்கு இது தொல்லையாக இருந்தது. இப்போது அவர்களே அனுப்பிவிடுகிறார்கள். அவர்கள் போடும் கோடை நான் பார்ப்பதோடு சரி. எட்டு இலக்கத்தில் முதல் ஆறுதான் நாடுகளுக்குப் பொது, கடைசி இரண்டு நம்முடையது. முதல் ஆறிலும் அவர்கள் தங்கள் ஏற்றுமதி வசதிக்குத்தான் போடுகிறார்கள்.

போன மாதம் புதிதாக ஒரு சாம்பிள் வந்திருக்கிறது. கெட்டி ஃபெல்ட் துணியில் செய்த டிக்கி பெட்டி. மூடி கிடையாது. கைப்பிடியும் கிடையாது, பக்கத்தில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு வெட்டு மட்டும். அடியில் முழுக்க வெல்க்ரோ, டிக்கி விரிப்பில் ஒட்டிக்கொண்டால் அசையாது. மேசையில் வைத்துக்கொண்டு மூன்று நாளாகப் பார்க்கிறேன். பாட்டில்களை வைத்து அந்த வெட்டில் விரல் விட்டுத் தூக்கினால் தூக்க முடிகிறது, ஆனால் நடக்கும்போது ஃபெல்ட் வளைகிறது. 4202-க்கும் 6307-க்கும் நடுவில் நிற்கிறது. இந்த முறை கன்டெய்னரை வரவழைத்துவிட்டு வாதாடப் போவதில்லை. சுங்க முன்கூட்டிய தீர்ப்பு ஆணையம் மும்பையிலும் டெல்லியிலும் இருக்கிறது. 28எச் பிரிவில் விண்ணப்பம், 10,000 ரூபாய் கட்டணம், மூன்று மாதத்தில் பதில். கிடைத்தால் மூன்று ஆண்டுக்கு அது என்னையும் அதிகாரிகளையும் கட்டுப்படுத்தும். பெட்டியை ஐந்து பக்கமும் படம் எடுத்துவிட்டேன். அந்த விரல் வெட்டின் அளவை மட்டும் சப்ளையர் எழுத்தில் அனுப்ப வேண்டியிருக்கிறது.